ஒரு தலைக்கு ஒரு தலைவலி

மதலேன் தன் நாற்பத்தொரு வயதில் ஒரு சொட்டு மது குடித்ததில்லை. கிறிஸ்துமஸ் கேக்கில் ரம் வாசம் அடித்தால்கூடத் தட்டை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துவிடுகிற ரகம். ஆனால் கடந்த ஆறு வருடத்தில் தொள்ளாயிரம் காலைக்கு மேல் அவளுக்குத் தலை வெடித்திருக்கிறது, நாக்கு அட்டையாகக் காய்ந்திருக்கிறது, குடல் புரண்டு தொண்டைவரை வந்திருக்கிறது. அத்தனையும் யார் யாரோ குடித்தது. குடித்த மகராசன்கள் அந்தக் காலைகளில் கடற்கரைச் சாலையில் காற்று வாங்கிக்கொண்டு நடந்தார்கள்.

இந்த வேலைக்கு நிறுவனம் வைத்த பெயர் ‘நற்காலை சேவையாளர்’. புதுச்சேரிக்காரர்கள் வைத்த பெயர் இடிதாங்கி. பெயர் வைக்கிற விஷயத்தில் ஊர் ஒருநாளும் தப்புப் பண்ணாது.

வேலைக்குச் சேர ஒரே தகுதி, குடிப்பழக்கம் அறவே இருக்கக்கூடாது. குடிக்காத உடம்புதான் அடுத்தவன் தலைவலியைக் கலப்படமில்லாமல் வாங்குமாம். ஆக, மதுவின் மறுநாளை அக்குவேறு ஆணிவேறாக அறிந்த நூற்றிருபது பேர் அந்த ஊரில் இருந்தார்கள், அவர்களில் ஒருவருக்கும் மதுவின் ருசி தெரியாது. மதுவைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்பிக்கொள்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

தனகோட்டி விழுந்தது ஆகஸ்ட் பதினைந்து, சனிக்கிழமை காலை ஆறே காலுக்கு. அன்றைக்கு முறை மதலேனுடையது. மாதா விண்ணேற்புத் திருநாள் என்று அவள் விடுப்புப் போட்டிருந்தாள். அவளைப் போல நாற்பது பேர் கோயிலில் இருந்தார்கள். சுதந்திர தினம், வாரக்கடைசி வேறு, சென்னைக் கார்கள் வெள்ளிக்கிழமையே வந்து ஊரை அடைத்துவிட்டன. “நீ போய் மாதாவைப் பாரு, உன் கட்டில்ல நான் படுத்துக்கறேன்” என்று தனகோட்டி சொன்னான். முன்பு பள்ளிக்கூட வேன் ஓட்டியவன், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவன். அவன் தலைமாட்டில் இருந்த, வலியின் பாரத்தை அளக்கும் கருவி எண்பத்தெட்டு என்று காட்டியது. வலது கை முதலில் விழுந்தது, பிறகு வாய் கோணியது, அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

பத்து நாள் கழித்து மேலாளர் ஷியாம்சுந்தர் மதலேனைக் கூப்பிட்டார். காலை எட்டு மணிக்கே சலவைச் சட்டையும் மலர்ந்த முகமுமாக இருக்கிற மனிதர்.

“உட்காருங்க மதலேன். தனகோட்டிக்கு ஏன் அப்படி ஆச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. வாடிக்கையாளர் பொய் சொல்லிட்டாரு. விஸ்கி மட்டும்னு படிவத்துல போட்டிருக்காரு. ஆனா பீரு, ஒயினு, விஸ்கி மூணையும் கலந்து அடிச்சிருக்காரு. கலந்தா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?”

“யாரு சார் அந்த ஆளு?”

“அதச் சொல்லக்கூடாது. வாடிக்கையாளர் ரகசியச் சட்டம் இருக்கே.”

“கருவியில பதிவாயிருக்குமே சார். தொறந்து பாத்தா என்னா?”

“காரணம் தெரியாத விபத்துக்குத்தான் பதிவத் தொறக்கலாம். இங்கதான் காரணம் தெரிஞ்சிருக்கே.” ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். “நீங்க மூத்த சேவையாளர். கலப்புக் காலைல பாரம் ரெண்டு மடங்கு வரும்னு ஒரே ஒரு வரி. அது பொய்யில்லையே?”

பொய்யில்லை. அதுதான் வம்பே. ஒவ்வொரு காலையும் கட்டிலின் கால்மாட்டில் ஒரு படிவம் தொங்கும். ‘மதுவகை: ஒன்று’ என்று இருந்தால் கருவி நாற்பதைச் சுற்றி நிற்கும். ‘மதுவகை: கலப்பு’ என்று இருந்தால் எண்பதைத் தொடும். கலப்பு என்று பார்த்துவிட்டால் இடிதாங்கிகள் தலையில் ஈரத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சாமியைக் கும்பிட்டுக்கொண்டுதான் படுப்பார்கள். மதலேன் பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள்.

“கையெழுத்துப் போட்டா தனகோட்டி அண்ணனுக்கு என்னா ஆவும் சார்?”

“அடுத்த மாசக் கடைசில கோப்ப மூடிடலாம். எல்லாருக்கும் நிம்மதி.”

“மூடிட்டா ஆஸ்பத்திரில அவரு கட்டிலு?”

ஷியாம்சுந்தர் மூக்கைச் சொறிந்தார். “விபத்துக் கோப்பு திறந்திருக்கற வரைக்கும்தான் நரம்புப் பிரிவுல கட்டில். விதி அப்படி. நான் போட்ட விதியா?”

மதலேன் பேனாவை மூடி மேசையில் வைத்தாள். “யோசிச்சுச் சொல்றேன் சார்” என்று எழுந்து வந்துவிட்டாள்.

நரம்புப் பிரிவில் தனகோட்டியின் வலது கையில் ஒரு கூடுபோன்ற கருவியை மாட்டியிருந்தார்கள். மறந்துபோன கைக்கு அது தினமும் நான்கு மணி நேரம் அசைவு சொல்லிக்கொடுத்தது. அவன் மனைவி அஞ்சலாட்சி மீன் அங்காடியில் நண்டு விற்பவள். ஏலம் கேட்டுக் கேட்டு உரத்த குரல். அந்த வார்டில் அதை அடக்கி வைக்க அவள் படாதபாடு பட்டாள்.

“ரெண்டு வெரலு அசையுது மதலேனு. இன்னிக்கு என் புடவைய இழுத்தாரு. இன்னும் மூணு மாசம் இந்த மிசினு இருந்தா கை வந்துரும், பேச்சும் வரும்னு டாக்டரு சொல்றாரு.”

“அடுத்த மாசக் கடைசியோட கட்டில காலி பண்ணச் சொல்லுவாங்க அண்ணி.”

அஞ்சலாட்சி முந்தானையை இடுப்பில் செருகினாள். “கலந்து குடிச்ச அந்தப் பாடையில போறவன் எவன்னு மட்டும் காட்டு எனக்கு. மீதிய நான் பாத்துக்கறேன்.”

“அண்ணி, அது என் முறை. நான் படுத்திருக்க வேண்டிய கட்டிலு.”

“தெரியும்டி. நீ கோயில்ல இருந்த. அதுக்கு நெஞ்சுல அடிச்சிக்காத, எனக்கு நேரமில்ல. இப்ப என்னா பண்ணலாம்னு சொல்லு.”

அழுவதற்காகத்தான் வந்திருந்தாள் மதலேன். அந்தப் பேச்சில் அழுகை உள்ளேயே போய்விட்டது. திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவளுக்கு ஒரு பழைய காலை ஞாபகம் வந்தது. இரண்டு வருடம் முன்பு, விதியை மீறிக்கொண்டு ஒரு வாடிக்கையாளர் இடிதாங்கிக் கூடத்துக்கே வந்தாள். சென்னைப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும், கையில் இரண்டு இளநீர். “அக்கா, நேத்து என்னோடத நீங்கதான் தாங்குனீங்களாம். சாரிக்கா. பீரு, ஒயினு, ரம்மு, வோட்கான்னு நாலையும் கலந்துட்டேன். எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்தான், இருந்தாலும் கலந்தது தப்புதானே” என்று கண்ணீர் விடாத குறையாகச் சொன்னாள். மதலேன் இளநீரைக் குடித்துவிட்டு அவளைத் தேற்றி அனுப்பினாள்.

இப்போதுதான் உறைத்தது. அவளுடைய காலைக்குக் கருவி காட்டியது வெறும் இருபத்தெட்டு. படிவத்தில் போட்டிருந்தது ‘ஒன்று’.

நாலு கலந்தவளுக்கு இருபத்தெட்டு. அப்படியானால் எண்பத்தெட்டு எங்கிருந்து வரும்? மதலேன் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி ஆரியாங்குப்பம் வரை போய்விட்டாள்.

செப்டம்பர் முதல் தேதி தொழிலாளர் துறையின் விபத்து விசாரணை. அலுவலர் திலோத்தமைக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. முழங்கால் வலிக்காரர், கோப்பை வரிவரியாகப் படிக்கிற பழக்கக்காரர்.

“எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா. ஒருத்தர் குடிச்சது இன்னொருத்தருக்கு எப்படி வருது?”

“குடிச்சது வராதுங்கம்மா. வலிதான் வரும்” என்றாள் மதலேன். “குடிச்சவங்க படுக்கப் போறப்ப கையில ஒரு காப்பு மாட்டிப்பாங்க. காலைல உடம்பு கூப்பாடு போடும் இல்லையா, தலைவலி, கொமட்டல், நடுக்கம், எல்லாம்? அது அவங்க மண்டைக்குப் போவாம காப்பு புடிச்சுக்கும். எங்க கையில இருக்கற காப்புல கொண்டாந்து எறக்கும். எங்க உடம்பு அத நெஜம்னு நம்பிரும். ரத்தக்கொதிப்பு ஏறும், நெஞ்சு படபடக்கும். ஈரல் கெடறது அவங்களுக்கு. நாள் கெடறது எங்களுக்கு.”

“பாரம் அதிகமானா?”

“தனகோட்டி அண்ணன் மாதிரி ஆவும்.”

ஷியாம்சுந்தர் எழுந்தார். “பாரம் ஏன் அதிகமாச்சுன்னுதான் மேடம் நாங்க எழுதிக் கொடுத்திருக்கோம். வாடிக்கையாளர் கலந்துட்டாரு. கலந்து குடிச்சா மறுநாள் நரகம். இது நான் கண்டுபிடிச்சதில்ல, ஊர் உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம். யாரை வேணாலும் கேளுங்க.”

கூடத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். தட்டச்சர் மட்டும் பழுத்த அனுபவஸ்தராக இரண்டு முறை ஆட்டினார். அட, அஞ்சலாட்சிகூட ஆமாம் என்று முனகினாள்.

மதலேனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்பாவின் முகம் கண்முன் வந்து நின்றது.

“எங்கப்பா முப்பது வருசம் குடிச்சாரும்மா. தினம் காலைல எங்கம்மா மோர் கலக்கிக் கொடுக்கும். வாங்கிக்கிட்டு, ‘நேத்து கலந்துட்டேன்டி, அதான்’னு சொல்வாரு. குடிச்சுட்டேன்னு ஒருநாளும் அந்த வாயில வந்ததில்ல. கலந்துட்டேன், அவ்வளவுதான். பாட்டில் மேல பழி கிடையாது. அடுத்த பாட்டில் மேலதான் பழி. அவரு ஈரல் வெந்து செத்தாரு, சாவற அன்னிக்கும் கலந்த ரம்மு மேலதான் குத்தம் சொன்னாரு. அந்தக் குடிகாரச் சாக்க வச்சுத்தான் இவங்க கோப்ப மூடப் பாக்கறாங்க.”

“அது சாக்கு இல்லம்மா, உண்மை” என்றார் ஷியாம்சுந்தர், சிரித்துக்கொண்டே. “குடிக்காதவங்களுக்கு இது புரியாது.”

“அப்ப சோதிச்சுப் பாத்துருவோம் சார். ஒரே ஆளு. ஒரே அளவு சாராயச் சத்து. ஒரு வாரம் ஒரே சரக்கு, ஒரு வாரம் கலப்பு. எது எதுன்னு எனக்குச் சொல்ல வேணாம். இந்தக் கூடத்துலயே படுத்துத் தாங்கறேன். கலப்புக்கு எம்பது வந்துச்சுன்னா நீங்க நீட்டற தாள்ல கையெழுத்துப் போடறேன். வரலைன்னா காரணம் தெரியலன்னு அர்த்தம். பதிவத் தொறங்க.”

திலோத்தமை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “யாரு குடிக்கறது?”

“சாரே குடிக்கட்டும்” என்றாள் மதலேன்.

கூடம் கொல்லென்று சிரித்தது. ஷியாம்சுந்தரும் சிரித்தார். மறுத்திருக்கலாம். ஆனால் மனிதர் இருபத்தைந்து வருடக் குடிகாரர், கலந்தால் கெடுதல் என்பதைத் தன் தாய்மொழியைப் போல நம்பியவர். ஜெயிக்கிற பந்தயத்தை யார் விடுவார்கள்? “சந்தோஷமா” என்று கையெழுத்துப் போட்டார்.

திலோத்தமை லேசுப்பட்டவர் இல்லை. ஒரு தடவை போதாது என்று நான்கு வெள்ளிக்கிழமை குறித்தார். இரண்டு வாரம் பிராந்தி மட்டும், இரண்டு வாரம் பீரும் ஒயினும் பிராந்தியும். எந்த வாரம் எது என்று சீட்டுக் குலுக்கி, உறையில் போட்டு அரக்கு வைத்தார். மொத்தச் சாராயச் சத்து எல்லா வாரமும் ஒரே அளவாக இருக்கும்படி கல்லூரி வேதியியல் பேராசிரியர் ஒருவர் அளந்து ஊற்றினார். மாலை ஆறிலிருந்து எட்டுக்குள் குடித்து முடிக்க வேண்டும், ஒரே சாப்பாடு, ஒரே அளவு தண்ணீர். காவல்துறை ஊதுகருவியில் ஊதிக் காட்ட வேண்டும், விடியும்வரை காவலர் பார்வையில் இருக்க வேண்டும். ஷியாம்சுந்தர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்து குடித்தார்.

நிறுவனம் மதலேனைப் பணியிடை நீக்கம் செய்தது. அதைவிடச் சுட்டது கூட்டாளிகளின் பேச்சுதான். “கூடத்த மூடிட்டான்னா நாங்க எங்கடி போறது? எங்க வயித்துல அடிக்காத” என்று நாலு பேர் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டார்கள்.

“கட்டில்ல விழுந்தது நீயா இருந்தா இத வேற மாதிரி பேசுவ” என்று கதவைச் சாத்திக்கொண்டாள் மதலேன்.

முதல் சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு விசாரணைக் கூடத்தில் ஒரு இரும்புக் கட்டில் போட்டார்கள். அவள் கையில் காப்பு மாட்டப்பட்டது. பத்தடி தள்ளி நாற்காலியில் ஷியாம்சுந்தர், கையில் இன்னொரு காப்பு, முகத்தில் நல்ல தூக்கம் தூங்கியவரின் தெளிவு. ஆறு மணிக்குப் பாரம் இறங்கியது. நெற்றிப்பொட்டில் சம்மட்டி. வயிறு கழுத்துக்கு ஏறி இறங்கியது. மதலேன் பல்லைக் கடித்துக்கொண்டு, வழக்கம்போல மூச்சை எண்ணினாள். கருவி நாற்பத்திரண்டில் நின்றது. இரண்டாம் சனிக்கிழமை நாற்பத்து மூன்று. மூன்றாவது வாரம் நாற்பத்தொன்று.

மூன்றாவது வாரத்துக்குப் பிறகு ஷியாம்சுந்தர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

நான்காம் சனிக்கிழமை, செப்டம்பர் இருபத்தாறு. கோப்பு மூட நாலு நாள். கூடத்தில் உட்கார இடமில்லை. வாசலில் வந்து கத்திய நாலு பேரும் பின்சுவரில் சாய்ந்து நின்றார்கள். ஆறரைக்குக் கருவி நாற்பத்திரண்டில் நின்றது. மதலேனின் முகம் வேர்த்து வழிந்தது. அஞ்சலாட்சி பக்கத்தில் மண்டி போட்டு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

திலோத்தமை உறைகளைக் கையில் எடுத்தார். “பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. நாலுல எது எது கலப்புன்னு உனக்குத் தெரியுதாம்மா?”

“தெரியலம்மா.” நாக்கு ஒட்டிக்கொண்டது, எச்சிலைக் கூட்டி மறுபடி பேசினாள். “ஆறு வருசமா இதே வேலையா இருக்கறவ சொல்றேன். தெரியல. தெரியாததுதான் என் சாட்சி.”

உறைகள் பிரிந்தன. முதலும் நான்காவதும் கலப்பு. இரண்டாவதும் மூன்றாவதும் பிராந்தி மட்டும். கலப்புக்கு நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு. பிராந்திக்கு நாற்பத்து மூன்று, நாற்பத்தொன்று.

“அப்ப நாங்க இத்தன வருஷம் பட்டதெல்லாம்?” என்று தட்டச்சர் தன்னையறியாமல் கேட்டுவிட்டார்.

பேராசிரியர் தொண்டையைக் கனைத்தார். “எவ்வளவு குடிக்கறோம்கறதுதான் சார் முக்கியம். கலக்கும்போது என்ன ஆகுதுன்னா, எவ்வளவு ஆச்சுன்னு கணக்குத் தப்பிடும். ரெண்டு பீரு என்ன பண்ணிடும்னு நெனச்சு மேல நாலு ரவுண்டு போயிடும். நிறம் அடர்த்தியான சரக்குல சில உபபொருள் கூட இருக்கும், அதனால கொஞ்சம் முன்ன பின்ன ஆகலாம். கலந்ததாலயே ரெண்டு மடங்காகாது.”

“ஆக, கலப்பு காரணமில்ல” என்று எழுதிக்கொண்டே சொன்னார் திலோத்தமை. “காரணம் தெரியாத விபத்து. ஆகஸ்ட் பதினஞ்சாம் தேதிப் பதிவத் தொறங்க.”

“மேடம், ரகசியச் சட்டம்…” ஷியாம்சுந்தர் எழுந்தார்.

“சட்டப்படிதான் சார் தொறக்கறேன். உட்காருங்க.”

நிறுவனத்தின் கணினிப் பெண் திரையைத் திருப்பினாள். அவளுக்கே அதைப் பார்த்துக் குரல் போய்விட்டது. “மேடம்… ரெண்டு காப்பு.”

“சத்தமா சொல்லும்மா.”

“தனகோட்டி சாரோட காப்புல ரெண்டு பேரு இணைஞ்சிருக்காங்க. ஒண்ணு வாடிக்கையாளரு, நாப்பத்தஞ்சு. இன்னொண்ணு நாப்பத்து மூணு.”

ஒரு தலைக்கு ஒரு தலைவலி, அதற்கு மேல் ஏற்றினால் கொலைமுயற்சி என்று சட்டம். பின்சுவரில் நின்ற இடிதாங்கிகளில் ஒருத்தி, “கலப்புன்னு படிவத்துல போட்டதெல்லாம்?” என்று கேட்டாள். கணினிப் பெண் விரலால் தள்ளிக்கொண்டே போனாள். ஆறு வருடக் கலப்புக் காலைகள். எல்லாவற்றிலும் இரண்டிரண்டு காப்பு. விடுமுறை நாள், திருவிழா நாள், ஆள் குறைந்த நாள் எல்லாம் கலப்பு நாள்தான். மதலேனின் பெயரில் மட்டும் இருநூற்றுப் பதினொன்று. எவனோ இருவரைச் சேர்த்துச் சுமக்கிறோம் என்று தெரியாமல், எவனோ ஒருத்தன் கலந்துவிட்டான் என்று சபித்துக்கொண்டே படுத்திருக்கிறார்கள் அத்தனை பேரும். குடித்துச் சொந்தத் தலைவலியின் எடை தெரிந்த ஒருத்தர் இடிதாங்கிக் கூடத்தில் படுத்திருந்தால்கூட என்றைக்கோ சந்தேகம் வந்திருக்கும்.

“அந்த ரெண்டாவது காப்பு யாருதும்மா?” என்று கேட்டார் திலோத்தமை.

“அது வாடிக்கையாளர் எண் இல்ல மேடம். அலுவலக எண். மூணு.”

எல்லார் கண்ணும் ஷியாம்சுந்தரின் மணிக்கட்டுக்குப் போயிற்று. காப்பில் மூன்று என்று பொறித்திருந்தது. அவர் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டார், ரொம்பத் தாமதமாக.

“கட்டில் இல்ல மேடம். பாதிப் பேரு மாதா கோயிலுக்குப் போயிட்டாங்க. எனக்கு ஏழு மணிக்குக் கொடியேத்தணும். கலெக்டரெல்லாம் வராங்க, தலைய புடிச்சுக்கிட்டா நிக்க முடியும்? எப்பவும் ஒண்ணும் ஆனதில்ல… தனகோட்டி தாங்குவான்னு நெனச்சேன்.”

“கொடியேத்தவா?” என்றாள் அஞ்சலாட்சி. மீன் அங்காடிக் குரல் அவளை மீறிக்கொண்டு வெளியே வந்தது. “என் புருசன் கைய எறக்கிப்புட்டு நீ கொடியேத்துனியா?”

இரண்டு காவலர்கள் அவளைப் பிடிக்க வேண்டியிருந்தது. திலோத்தமை எழுதி முடித்து, எழுந்து நின்று உத்தரவைப் படித்தார். கோப்பு மூடப்படாது. தனகோட்டி எழுந்து நடக்கும்வரை கட்டிலும் கருவியும் நிறுவனத்தின் பொறுப்பு. மேலாளர் காவல்துறை வசம். படித்துவிட்டு, கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தார். “உன் சோதனை முடிஞ்சுதும்மா. இனிமே நீ இதத் தாங்கிக்கிட்டு இருக்கணும்னு யாரும் சொல்ல முடியாது.”

மதலேன் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். கூடம் சுழன்றது. இன்னும் ஐந்து மணி நேரப் பாரம் மிச்சம் இருந்தது. ஆறு வருடத்தில் ஒரு காலையைக்கூட அவள் பாதியில் விட்டதில்லை, பாதியில் விடுவது ஒப்பந்தப்படி குற்றம். இடிதாங்கியின் காப்பு கழன்றால் மிச்சப் பாரம் குடித்தவனிடமே போய்விடும் என்பது ஷியாம்சுந்தருக்கு மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

“மதலேன், வேணாம். கொஞ்சம் பொறுங்க. ஒப்பந்தம்…”

அவள் கொக்கியை விடுவித்துக் காப்பைக் கழற்றினாள்.

தலைவலி சட்டென்று போய்விட்டது. வெளியே வண்டிச் சத்தம், காக்கைச் சத்தம், எல்லாம் துல்லியமாகக் கேட்டன. பத்தடி தள்ளி ஷியாம்சுந்தரின் முகம் சாம்பலாயிற்று. இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் குனிந்தார். காவலர் குப்பைக்கூடையை எட்டி இழுத்து வைப்பதற்குள் சலவைச் சட்டையெல்லாம் போயிற்று. அவருக்குச் சொந்தக் காலை வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

பின்சுவரில் நின்ற நாலு பேரில் ஒருத்தி முன்னால் வந்து மதலேனின் கையைப் பிடித்து எழுப்பினாள். நாளையிலிருந்து யாரும் காப்பு மாட்டப் போவதில்லை என்று பின்னால் யாரோ உரக்கச் சொன்னார்கள். ஆமாம் என்று பலர் குரல் கொடுத்தார்கள். மதலேன் அஞ்சலாட்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். எட்டு மணிக்கு நரம்புப் பிரிவில் பார்வையாளர் நேரம்.

“மதலேன்…” ஷியாம்சுந்தர் கூடையிலிருந்து தலையை நிமிர்த்த முடியாமலே கூப்பிட்டார். “என்னம்மா இது… எப்படித் தாங்கறீங்க இத… எவ்வளவு நேரம் இருக்கும்?”

அவள் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“மோர் குடிங்க சார். மத்தியானத்துக்குள்ள எறங்கிடும். இது ஒருத்தரோடதுதானே.”